பிசகுக்குள் ஒரு பாதை

குவார்ட்ஸ் குழாய் ஒன்றில் பிஸ்மத்தையும் செலினியத்தையும் அளந்து போடுகிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, குழாயின் வாயை உருக்கி மூடி, உலைக்குள் வைக்கிறார்கள். உள்ளே இருப்பது முழுவதும் உருகிக் கலந்தபின் அவசரமில்லாமல், நாள்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிடுகிறார்கள். கடைசியில் குழாயை உடைத்தால் வெள்ளி நிறத்தில் ஒரு கட்டி கிடைக்கும். அதன்மேல் சாதாரண ஒட்டுநாடாவை அழுத்திப் பிய்த்தால் வெங்காயச் சருகுபோல அடுக்கு உரிந்து வரும். உரிந்த முகம் கண்ணாடியாக மின்னும். பிஸ்மத் செலினைடு என்ற இந்தப் படிகத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, இதைவிட ஒழுங்கான ஒரு பொருள் இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த மினுமினுப்புக்குள் ஏறக்குறைய நாலாயிரம் செலினிய அணுக்களுக்கு ஒன்று காணாமல் போயிருக்கும். தங்கத்தில் அந்த அளவு குறை இருந்தால் எந்த ஆசாரியும் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் இந்தப் படிகத்தை எதற்காக உருவாக்கினார்களோ அந்த நோக்கத்தையே மூழ்கடிக்க அந்த ஒன்று போதும்.

எதற்காக உருவாக்கினார்கள்? பிஸ்மத் செலினைடு ஓர் இடவியல் மின்காப்புப் பொருள். உள்ளே மின்சாரத்தைக் கடத்தாது, மேற்பரப்பில் மட்டும் கடத்தும். தாமிர முலாம் பூசிய பீங்கானும் அப்படித்தானே என்று கேட்கலாம். முலாமைச் சுரண்டி எடுத்தால் பீங்கான் வெறும் பீங்கானாகிவிடும். இந்தப் படிகத்தின் மேலடுக்கைப் பிய்த்தால், புதிதாக வெளிப்படும் முகம் உடனே கடத்தத் தொடங்கும். கடத்தும் தன்மையை மேலே யாரும் பூசவில்லை, உள்ளிருப்பின் அமைப்பே அதை மேற்பரப்பின்மீது கட்டாயமாக்குகிறது.

ஒரு பனையோலை நறுக்கை வளைத்து நுனிகளை ஒட்டுங்கள். இன்னொரு நறுக்கை, ஒட்டுவதற்கு முன் ஒரு நுனியை அரைச்சுற்று முறுக்கிவிட்டு ஒட்டுங்கள். இரண்டும் வளையம்தான். ஆனால் முறுக்கிய வளையத்தைக் கசக்கினாலும் நசுக்கினாலும் சின்ன ஓட்டை போட்டாலும் முறுக்கு போகாது. வெட்டி ஒட்டினால்தான் போகும். இப்படிக் கசக்கலுக்கு அஞ்சாத பண்புகளைப் படிக்கும் கணிதப் பிரிவுதான் இடவியல், டோபாலஜி. பிஸ்மத் போன்ற கனமான அணுக்களில், எலக்ட்ரானின் ஓட்டமும் அதன் தற்சுழற்சியும் ஒன்றையொன்று வலுவாகப் பிணைத்துக்கொள்கின்றன. அந்தப் பிணைப்பு படிகத்தினுள் எலக்ட்ரான் அலைகளின் வரிசையில் ஒரு முறுக்கைப் போட்டுவிடுகிறது. படிகத்துக்கு வெளியே வெற்றிடத்தில் முறுக்கு இல்லை. முறுக்குள்ள இடமும் இல்லாத இடமும் சந்திக்கும் எல்லையில் எங்கேயாவது வெட்டு விழுந்தே ஆக வேண்டும். அந்த வெட்டுதான் மேற்பரப்பு. எலக்ட்ரான் ஓடுவதற்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி அங்கே மூடிக்கொள்கிறது, எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்குகின்றன.

2005இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கேனும் யூஜின் மெலியும் இந்த எண்ணத்தைக் கணக்காக எழுதினார்கள். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க்கில் லாரன்ஸ் மோலன்காம்பின் குழு, பாதரச டெலுரைடின் மெல்லிய படலத்தில் விளிம்போரம் மட்டும் ஓடும் மின்னோட்டத்தை அளந்தது. 2008இல் பிஸ்மத்–ஆன்டிமணிக் கலவையிலும், அடுத்த ஆண்டே பிஸ்மத் செலினைடிலும் முப்பரிமாண வடிவம் தென்பட்டது. நான்கே ஆண்டுகளில் தாளிலிருந்து படிகத்துக்கு வந்து சேர்ந்த எண்ணம் இது.

இந்த வேகத்தோடு ஒரு வாக்குறுதியும் பரவியது: இந்தப் பொருள்களில் படிகக் குறைகள் பொருட்டல்ல. பிரபலமான கட்டுரைகள் பலவற்றில் இந்த வரியை இன்றும் பார்க்கலாம். அது பொய்யில்லை. ஆனால் பாதியில் நிறுத்திய வாக்கியம்.

முதலில் அதன் உண்மையான பாதி. சாதாரண உலோகத்தில் ஓடும் எலக்ட்ரான், வழியில் ஒரு மாசு அணுவில் மோதினால் வந்த வழியே திரும்பிவிடக்கூடும். மின்தடை பிறப்பதே இப்படிப்பட்ட சிதறல்களால்தான். இடவியல் மேற்பரப்பில் எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் ஓடும் திசையோடு பூட்டப்பட்டிருக்கிறது. திசை திரும்பினால் தற்சுழற்சியும் திரும்பியாக வேண்டும். மாசைச் சுற்றிப் பின்னால் திரும்ப இரண்டு வழி உண்டு, இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும். இடப்பக்கம் திரும்பும் அலையின் தற்சுழற்சி ஒரு திசையில் 180 பாகை சுழலும். வலப்பக்கம் திரும்புவதில் எதிர்த்திசையில் 180. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுச்சுற்று, 360 பாகை. இங்கேதான் குவாண்டம் உலகத்தின் ஓர் அழகான விசித்திரம் நுழைகிறது. எலக்ட்ரானை ஒரு முழுச்சுற்று சுற்றினால் அது பழைய நிலைக்கு வராது, அதன் அலை ஒரு கழித்தல் குறியோடுதான் வந்து நிற்கும். இரண்டு சுற்று சுற்றினால்தான் பழையபடி ஆகும். ஆகவே இடமாக வந்த அலையும் வலமாக வந்த அலையும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறியில் சந்தித்து, ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பின்னால் திரும்பும் வாய்ப்பு பூச்சியம்.

இந்தக் கழித்தல் குறியை நினைவில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் அது மறுபடி வரும்.

2009இல் பிரின்ஸ்டனில் அலி யஸ்தானியின் குழு, எஸ்.டி.எம். என்ற ஊசிமுனை நுண்ணோக்கியால் பிஸ்மத்–ஆன்டிமணிப் பரப்பை வருடிப் பார்த்தது. கலவை என்பதால் அந்தப் பரப்பே ஒழுங்கற்றது. எந்த இடத்தில் ஆன்டிமணி, எந்த இடத்தில் பிஸ்மத் என்பதற்கு விதி இல்லை. குளத்தில் நட்ட கழிகளைச் சுற்றி அலைகள் மோதித் திரும்பிக் கோலமிடுவதுபோல, எலக்ட்ரான் அலைகளும் குறைகளைச் சுற்றிக் கோலமிட்டிருந்தன. அந்தக் கோலங்களை அலசியபோது மற்ற கோணங்களில் சிதறிய தடயங்கள் இருந்தன. நேர் எதிராகத் திரும்பிய தடயம் மட்டும் இல்லை. கணக்கு சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது.

மற்ற கோணங்களில் சிதறல் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மெல்லிய படலத்தின் விளிம்பில் ஓடும் எலக்ட்ரானுக்கு முன்னும் பின்னும் தவிர வேறு திசையே கிடையாது. அங்கே பின்திரும்பல் தடைப்பட்டால் பாதுகாப்பு கிட்டத்தட்ட முழுமை. அகன்ற மேற்பரப்பில் அப்படி இல்லை. 180 பாகைக்குத்தான் தடை, 90 பாகைக்கு இல்லை. மேற்பரப்பு கடத்துவதை நிறுத்தாது. ஆனால் தடையற்ற மின்கடத்தியாகவும் ஆகாது.

சொல்லாமல் விட்ட மறுபாதி படிகத்தின் உள்ளே இருக்கிறது.

செலினியம் 685 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பிஸ்மத் செலினைடு உருகுவதே ஏறத்தாழ 705 டிகிரியில்தான். ஆக, படிகத்தை உருக்கும் வெப்பத்தில் செலினியம் ஆவியாக ஓடப் பார்க்கிறது. மூடிய குழாய் அதைத் தடுக்கிறது, கூடுதல் செலினியம் போட்டு ஈடுகட்டவும் செய்கிறார்கள். ஆனாலும் அங்கங்கே சில இடங்கள் காலியாகவே போய்விடுகின்றன. செலினிய அணு தன் இடத்தில் இருந்திருந்தால் பக்கத்துப் பிஸ்மத்துகளிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். அது இல்லாதபோது அந்த இரண்டும் வாங்க ஆளில்லாமல் படிகத்துக்குள் திரிகின்றன. உள்ளே மின்காப்பாக இருக்க வேண்டிய பொருள் இப்படித்தான் கடத்தியாகிவிடுகிறது.

எவ்வளவு எலக்ட்ரான்கள்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் பிஸ்மத் செலினைடில் ஏறத்தாழ 2-க்குப் பின் 22 பூச்சியங்கள் போட்ட எண்ணிக்கையில் செலினிய அணுக்கள் உண்டு. நாலாயிரத்துக்கு ஒன்று காலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலக்ட்ரான் என்றால், 1-க்குப் பின் 19 பூச்சியங்கள். கால் மில்லிமீட்டர்கூட வேண்டாம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே 17 பூச்சியங்கள் அளவுக்கு வேண்டாத எலக்ட்ரான்கள் நிற்கும். அதே சதுர சென்டிமீட்டரின் மேற்பரப்பில் நாம் தேடும் எலக்ட்ரான்கள் 13 பூச்சியங்கள் அளவுக்குத்தான். ஒன்றுக்குப் பத்தாயிரம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் கொலுசுச் சத்தத்தைத் தேடுவதுபோல.

மேற்பரப்பு தன் குணத்தை இழக்கவில்லை. ஒளியை வீசி எலக்ட்ரான்களை வெளியே எடுத்து ஆராயும் முறையில் அது தெளிவாகத் தெரிகிறது. மின்கம்பி இணைத்து அளக்கும்போதுதான் அது வெள்ளத்தில் காணாமல் போகிறது. குறைகளுக்கு அஞ்சாத மேற்பரப்பைப் பற்றிய ஆராய்ச்சி, குறைகளின் காரணமாகவே ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த முரண்தான்.

வெள்ளத்தை வடிக்க முதல் முயற்சி, ஒரு குறையை இன்னொரு குறையால் ஈடுகட்டுவது. பிரின்ஸ்டனில் ராபர்ட் கவாவின் ஆய்வகம் பிஸ்மத்தின் இடத்தில் கொஞ்சம் கால்சியத்தைப் புகுத்தியது. பிஸ்மத் மூன்று எலக்ட்ரான்களைத் தரும் இடத்தில் கால்சியம் இரண்டுதான் தரும். அந்தப் பற்றாக்குறை, திரியும் எலக்ட்ரான்களை விழுங்கிவிடும். வரவும் செலவும் சரியாக நேரானால் உள்ளே மின்காப்பு. நேராக்கவும் முடிந்தது. ஆனால் மின்தடை எதிர்பார்த்த அளவு உயரவில்லை.

ஏன் என்று 2012இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் போரிஸ் ஷ்க்லோவ்ஸ்கியும் அவர் குழுவினரும் விளக்கினார்கள். நேர்மின் குறைகளும் எதிர்மின் குறைகளும் எண்ணிக்கையில் சமமாக இருக்கலாம். இடத்தில் சமமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் தற்செயலாக நேர்மின் குறைகள் கூடிவிடும், இன்னோரிடத்தில் எதிர்மின் குறைகள். அதனால் படிகத்தினுள் மின்னழுத்தம் மழைக்காலத்து மண்சாலைபோல மேடும் பள்ளமுமாகிறது. பள்ளங்களில் எலக்ட்ரான்கள் குட்டை குட்டையாகத் தேங்குகின்றன. ஆற்றல் இடைவெளி பிஸ்மத் செலினைடில் ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட். அதில் பாதியையாவது தாண்டினால்தான் மின்னோட்டம் என்பது பாடநூல் கணக்கு. இந்தக் குட்டைகளால் தேவைப்படும் ஆற்றல் அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் கடன் தீர்ந்துவிட்டது, ஆனால் தெருவில் மேடு பள்ளம் அப்படியே இருக்கிறது.

ஆகவே குறைகளை ஈடுகட்டினால் போதாது, அவை பிறக்காமலே பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோய்ச்சி ஆண்டோவின் குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 2010இல் அவர்கள் பிஸ்மத், டெலுரியம், செலினியம் மூன்றையும் சேர்த்து, அணுக்கள் தாமாகவே வரிசை பிரித்துக்கொள்ளும் ஒரு சேர்மத்தை எடுத்தார்கள். அதன் ஒவ்வோர் அடுக்கும் ஐந்து தளம்: வெளியில் இரண்டு பக்கமும் டெலுரியம், அதற்குள் பிஸ்மத், நட்டநடுவில் செலினியம். ஓடிப்போகும் சுபாவமுள்ள செலினியம் இரண்டு பிஸ்மத் தளங்களுக்கு நடுவே கெட்டியாகப் பிடிபட்டுவிடுகிறது, ஓட இடமில்லை. டெலுரியமும் பிஸ்மத்தும் இடம் மாறி உட்காரும் தவறும் குறைகிறது. பிறகு ஆன்டிமணியையும் சேர்த்து நான்கு தனிமங்களின் விகிதத்தை நுணுக்கிச் சரிசெய்து, மொத்த மின்கடத்தலில் மேற்பரப்பின் பங்கை 70 சதவீதம் வரை கொண்டுவந்தார்கள். கோட்பாட்டாளர்களின் பெயர்கள் பரவும் அளவுக்கு, உலையருகே நின்று படிகம் வளர்ப்பவர்களின் பெயர்கள் பரவுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

இதுவரை குறையைப் பகையாகவே சொல்லிவந்தேன். இந்தத் துறையின் பிறப்பிலேயே அது துணையாக நின்ற கதை ஒன்று உண்டு. 1980 பிப்ரவரி 5-ஆம் தேதி, பிரான்சின் கிரெனோபிள் நகரில் கிளாவுஸ் ஃபான் கிளிட்ஸிங், சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றை வலுவான காந்தப்புலத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்காக அளக்கும் ஹால் மின்தடை சீராக மாறாமல் படிக்கட்டுபோல மாறியது. ஒவ்வொரு படியின் உயரமும் 25,812.807 ஓம் என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்த மதிப்பு. எந்தப் பொருளில் அளந்தாலும் அதே எண். 1985இல் அதற்கு நோபல் பரிசு. இன்று மின்தடையை அளக்கும் அளவுகோலே அதுதான்.

அந்தப் படிகள் அகலமாக, தட்டையாக இருப்பதற்குக் காரணம் டிரான்சிஸ்டருக்குள் இருந்த மாசுகள். காந்தப்புலத்தை மாற்றும்போது எலக்ட்ரான்களின் ஒழுங்கு மாறுகிறது. மாசுகளைச் சுற்றிச் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்கின்றன. விளிம்பில் ஓடி மின்சாரம் சுமக்கும் எலக்ட்ரான்கள் தொந்தரவில்லாமல் ஓடுகின்றன. குறையே இல்லாத மாதிரி ஒன்றை யாராவது செய்திருந்தால் படிக்கட்டு தோன்றியே இருக்காது. படியில்லாத ஒரு சீரான கோடு வந்திருக்கும். கிளிட்ஸிங் அதைப் பார்த்துவிட்டு உறங்கப் போயிருப்பார்.

எல்லாக் குறைகளையும் ஒரே பட்டியலில் சேர்க்கவும் முடியாது. காந்தத்தன்மையுள்ள அணு மாசாக நுழைந்தால் நான் முன்பு சொன்ன பாதுகாப்பே உடைகிறது, ஏனென்றால் அது எலக்ட்ரானின் தற்சுழற்சியை நேரடியாகப் பிடித்துத் திருப்பும். அதையே வேண்டுமென்று செய்தது பெய்ஜிங்கில் ஷ்வே சிகுனின் குழு. 2013இல் பிஸ்மத்–ஆன்டிமணி டெலுரைடு படலத்தில் குரோமியத்தைக் கலந்து, வெளிக் காந்தப்புலம் இல்லாமலே கிளிட்ஸிங்கின் படியை எட்டினார்கள். ஆனால் 0.03 கெல்வின் குளிர் தேவைப்பட்டது. குரோமிய அணுக்கள் கண்டபடி சிதறிக் கிடந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். காந்த அணுவைச் சிதறவிடாமல் தனக்கென ஒரு தளத்தில் உட்கார வைத்த பொருள், மாங்கனீசு பிஸ்மத் டெலுரைடு. 2020இல் அதன் ஐந்தடுக்குச் சில்லு ஒன்றில் 1.4 கெல்வினிலேயே படி தெரிந்தது. அங்கும் சில மாங்கனீசு அணுக்கள் பிஸ்மத்தின் இருக்கையில் உட்கார்ந்துவிடுகின்றன. அப்படி இடம் மாறியவற்றின் காந்தம் பக்கத்துத் தளத்துக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. ஒரே உலையில் வளர்ந்த சில்லுகளே ஒன்றுபோல் நடந்துகொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இனி, நான் காத்து வைத்திருந்த குறைக்கு வருகிறேன். வாசலில் புள்ளி வைக்கும்போது ஒரு வரிசையை முழுவதும் வைக்காமல் பாதியில் நிறுத்திவிட்டால், மிச்ச வரிசைகள் அந்த இடத்தில் நெருங்கி வளைந்து சரிக்கட்டப் பார்க்கும். எலும்பு பிசகுவதுபோலப் படிகமும் இப்படிப் பிசகும். பிசகுகளில் ஒரு வகை திருகுப் பிசகு. அதில் அடுக்குகள் தனித்தனியாக இருப்பதில்லை. மணிக்கூண்டின் சுழற்படிபோல ஒரே அடுக்கு சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. நடுக்கோட்டை ஒருமுறை சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கு வர மாட்டீர்கள், ஒரு தளம் மேலே நிற்பீர்கள். காலியிடத்தை ஓர் அணுவைப் போட்டு அடைத்துவிடலாம். பிசகை அப்படி அடைக்க முடியாது. எவ்வளவு தூரத்தில் சுற்றினாலும் ஒரு தளம் ஏறித்தான் நிற்க வேண்டும். ஓலையின் முறுக்கைப்போல இதுவும் கசக்கலுக்கு அஞ்சாத குறை.

2009இல் யிங் ரான், யி ஜாங், அஷ்வின் விஷ்வநாத் மூவரும் கேட்ட கேள்வி இது: எலக்ட்ரானின் முறுக்கும் படிகத்தின் பிசகும் சந்தித்தால் என்ன ஆகும்?

பிசகின் நடுக்கோட்டோடு ஒரு மெல்லிய துளை போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். துளையின் சுவரும் ஒரு மேற்பரப்புதான், அதனால் அங்கேயும் எலக்ட்ரான்கள் ஓட விரும்பும். துளையைச் சுற்றி வரும் அலை, புறப்பட்ட இடத்தில் தன்னோடு தானே பொருந்த வேண்டும். ஆனால் சுற்றி வரும்போது தற்சுழற்சியும் ஒரு முழுச்சுற்று சுற்றுகிறது. அந்தப் பழைய கழித்தல் குறி வந்து சேர்கிறது. மேடாகப் புறப்பட்டது பள்ளமாக வந்து நிற்கிறது. பொருந்தவில்லை. பொருத்த வேண்டுமானால் அலையைக் கூடுதலாக வளைக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு செலவு. அதனால் சாதாரண ஊசித்துளை வழியே மின்சாரம் போகாது.

இப்போது அந்தத் துளை திருகுப் பிசகின் நடுவே இருக்கட்டும். சுற்றி வரும் எலக்ட்ரான் ஒரு தளம் ஏறிவிடுகிறது. சில படிகங்களில், மின்கடத்தலைத் தீர்மானிக்கும் எலக்ட்ரான் அலை ஒரு தளத்தில் மேடு, அடுத்த தளத்தில் பள்ளம், அதற்கடுத்ததில் மேடு என்று குறி மாறிக்கொண்டே போகும். அத்தகைய படிகத்தில் ஒரு தளம் ஏறுவதே இன்னொரு கழித்தல் குறி. இரண்டு கழித்தல் குறிகளும் சேர்ந்தால் கூட்டல். அலை கச்சிதமாகப் பொருந்துகிறது, செலவே இல்லாமல். மின்காப்புப் பொருளின் வயிற்றுக்குள், சில அணுக்களே அகலமுள்ள ஒரு மின்பாதை பிசகின் நீளம் முழுக்கத் திறந்துகொள்கிறது. அந்தப் பாதையில் ஓடும் எலக்ட்ரானும் பின்னால் திரும்பாது.

எல்லா இடவியல் பொருள்களுக்கும் இது வாய்க்காது. பிஸ்மத் செலினைடில் முக்கியமான அந்த அலை எல்லாத் தளங்களிலும் ஒரே குறியோடு நிற்கிறது. தளம் ஏறினாலும் இரண்டாவது கழித்தல் குறி கிடைக்காது. அதை வளர்க்கும்போது திருகுப் பிசகுகள் தாராளமாக முளைக்கின்றன. நுண்ணோக்கியில் முக்கோணச் சுழற்படிகளாக அவற்றைப் பார்க்கலாம். அத்தனை சுழற்படிகளிலும் ஒரு பாதைகூட இல்லை. பிஸ்மத்–ஆன்டிமணிக் கலவையில் குறி தளத்துக்குத் தளம் மாறுகிறது. அங்கே பாதை உண்டு என்கிறது கணக்கு. ஒரு பிசகு வழிவிடுமா விடாதா என்பது, அந்தப் படிகத்தின் எலக்ட்ரான்கள் எந்த வகை முறுக்கில் இருக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தூய பிஸ்மத் இடவியல் பொருள்தானா இல்லையா என்று நெடுநாளாக வாதம் இருந்தது. அதன் ஆற்றல் இடைவெளி அவ்வளவு சிறியது. கணக்குகள் ஒரு பக்கமும் அளவீடுகள் ஒரு பக்கமுமாக நின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர், 2019இல் வெளியான ஆய்வில், இந்த வழக்குக்குப் படிகப் பிசகையே சாட்சியாக அழைத்தார்கள். பிஸ்மத் முகத்தில் குறையில்லாத இடத்தைத் தேடாமல், திருகுப் பிசகு தலை நீட்டும் இடத்தைத் தேடிப் போனார்கள். அங்கிருந்து ஒற்றைத் தள உயரத்தில் ஒரு படி புறப்படுகிறது. அந்தப் படியோரமாகவே நுண்ணோக்கியின் ஊசிமுனையை நகர்த்தி, எலக்ட்ரான்கள் எங்கே ஓடுகின்றன என்று வருடினார்கள்.